பாராசூட் துணியில் பதினேழு ஓட்டைகள்

சென்ற அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் எட்டில் ஆறு பங்கு மேகம். வடகிழக்கிலிருந்து லேசான காற்று. முந்தைய நாள் பெய்த மழையில் உத்திரமேரூர்த் தெருக்கள் காயவில்லை. குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிறது. அதில் நாலு விரல் தண்ணீர். சென்னையிலிருந்து வந்த வெள்ளைக் கார் அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் தயங்கி, இரண்டு வீடு தள்ளி நின்றது. அதிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள்.

நான் இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பதக்கங்களையும் குத்திக்கொண்டு ஒன்பது மணியிலிருந்தே கதவருகே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் பழைய பாராசூட் துணியை மடித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு கறை இல்லை. ஒரு ஓட்டை இல்லை. நான் சொல்ல வந்த தவறு அதுதான்.

நமது முன்னாள் விமானப்படையினர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். "இளைஞர்கள் படித்துப் பெருமைப்படுகிற மாதிரி எழுதுங்கள்" என்றார். பெருமைப்படுகிற மாதிரி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது, வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் படைக்காலத்துப் பொருள் ஏதாவது வைத்திருக்கிற உறுப்பினர்களுக்காக. அவர்கள் இதைப் படித்த பிறகு பெட்டியைத் திறக்கட்டும்.

உத்திரமேரூருக்குப் பக்கத்துத் திருப்புலிவனத்தில் கோயில் கணக்குப் பார்த்த வீடு எங்களுடையது. பள்ளி இறுதி முடித்து, வங்காளதேசப் போர் முடிந்த கையோடு படையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிரும் சப்பாத்தியும் எல்லோருக்கும் பொது. விமானத்தைத் தொடும் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கொடுத்தது பாதுகாப்புக் கருவிப் பிரிவு. பாராசூட், உயிர்காப்புச் சட்டை, ரப்பர்ப் படகு இவற்றைச் சோதித்து, தைத்து, மடித்து வைக்கிற இடம். முதல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது என் தாய்மாமன் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்: "இன்னாடா, ஏரோப்ளேன் ஓட்டப் போறேன்னு போயி, டைலரா திரும்பி வந்து நிக்கிற?" அன்று கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

நான் இருபத்தோரு ஆண்டு பணியாற்றினேன். அதில் முதல் ஆறு ஆண்டு ஒரே தளத்தில், ஒரே மேலதிகாரியின் கீழ். அது விமானிகளுக்குப் பயிற்சி தரும் தளம். அங்கிருந்தவை சிறிய, பழைய பயிற்சி விமானங்கள். ஆபத்து வந்தால் இருக்கையோடு தூக்கி எறியும் வசதி அவற்றில் கிடையாது. விமானி தானே கண்ணாடி மூடியைத் தள்ளிவிட்டு, வெளியே குதித்து, மார்புப் பக்கம் இருக்கும் உலோகக் கைப்பிடியை இழுக்க வேண்டும். இழுத்தால் குடை விரியும். விரிய வேண்டும். அந்த 'வேண்டும்' எங்கள் பொறுப்பு.

வேலை இப்படி நடக்கும். மடிப்பதற்கு முன் பாராசூட்டை உயரமான கோபுரத்தில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு ஈரம் போக்குவோம். பிறகு நீண்ட மேசை மேல் கிடத்துவோம். குடையில் இருபத்தெட்டு பட்டைகள். கயிறும் இருபத்தெட்டு. இடது பக்கம் பதினான்கு, வலது பக்கம் பதினான்கு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பட்டை பட்டையாக மடிப்போம். மடித்த துணி நகராமலிருக்க அதன் மேல் ஈயக்குண்டு நிரப்பிய சிறு பைகளை வைப்போம். மொத்தம் ஒன்பது பை. உறையை மூடுவதற்கு முன் ஒன்பதையும் எடுத்து எதிர்ச் சுவரில் ஆணி ஆணியாக மாட்ட வேண்டும். ஒருவர் வாய்விட்டு எண்ண, மற்றவர் மறுபடி எண்ண வேண்டும். எட்டு என்று வந்தால் ஒன்பதாவது பை குடைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஆகாயத்தில் ஒரு மனிதன் கைப்பிடியை இழுக்கும்போதுதான் அது தெரியவரும். என் எண்ணும் வியாதி அங்கே பிடித்தது. மாடிப்படியை எண்ணுகிறேன், இட்லியை எண்ணுகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். ஒன்பது பையை எண்ணாமல் விட்டவன் என்ன ஆவான் என்று அவர்களுக்குத் தெரியாது.

மேலதிகாரி வாரண்ட் ஆபீசர் குருப்பு. பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, நகம் பார்ப்பார். நகத்தில் சிறு பிசிறு இருந்தாலும் மெல்லிய நைலானில் மாட்டி இழை இழுத்துவிடும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். எதுவும் சொல்லாமல் அதை நீட்டுவார். துணியை அவர் உள்ளங்கையால் தொடமாட்டார். உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறது என்பார். விரல்களை மடக்கிப் புறங்கையால்தான் தடவிப் பார்ப்பார். மடிப்பில் குறை தெரிந்தால் அதைச் சுட்டிக் காட்டும் பழக்கமும் இல்லை. "பிரிச்சோ" என்று ஒரு சொல். இரண்டு மணி நேர வேலையைப் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டும். குறை எங்கே என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் பிரிவின் வாசலைத் தாண்டி வெளியே போகும் துணியில் கிழிசலோ அழுக்கோ இருக்கக் கூடாது. ஒருமுறை, கழித்துக் கட்டிய பாராசூட் ஒன்றைத் தளத்துக் குடும்பங்கள் நாடகம் போடத் திரைச்சீலையாகக் கேட்டார்கள். அதில் ஆறு ஓட்டை. குருப்பு என்னிடம் கொடுத்து அடைக்கச் சொன்னார்.

"சார், கர்ட்டன்தானே?" என்றேன்.

"எடோ நடராஜா, கர்ட்டனாயாலும் அது நம்ம செக்ஷன்ல இருந்து போறது. தெச்சிட்டு போ."

எப்படித் தைப்பது என்பதற்கும் முறை இருந்தது. தீயோ சூடோ பட்ட நைலானை அப்படியே வைத்துத் தைக்கக் கூடாது. பொசுங்கிய ஓரத்தை, நல்ல இழை வரும் வரை வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். அதே ரகத் துணியில் ஒட்டு வெட்டி, இழை ஓடும் திசை மாறாமல் வைத்துத் தைக்க வேண்டும். வெட்டிய துணுக்குகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவற்றை எரித்துவிட வேண்டும். துணுக்கு எதுவும் எந்தக் குடைக்குள்ளும் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த நாடகத் திரைக்கும் ஆறு துணுக்கு எண்ணி எரித்தேன்.

இனி அந்தச் சம்பவம்.

கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் விமானி ஒருவர் அங்கே இருந்தார். பெயர் ரவீந்திரன். பழுதுபார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் தனியாக ஏறினார். அரை மணி கழித்து விமானம் தளத்துக்கு வடக்கே இருந்த பெரிய நீர்த்தேக்கத்தில் விழுந்தது. ரவீந்திரன் குதித்து, நீர்த்தேக்கத்தின் அக்கரையில் இறங்கி, கால் முறிந்து உயிர் பிழைத்தார். கிராமத்துக்காரர்கள் மாட்டு வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் லாரி அங்கே போய்ச் சேர்ந்தபோது விமானி இருந்த இடம் தெரிந்தது. பாராசூட் இருந்த இடம் தெரியவில்லை. அத்தனை பெரிய வெள்ளைத் துணியை எந்த ஊர் சும்மா விடும்?

அந்தப் பாராசூட்டை மடித்தது நான். என் இருபத்தோரு ஆண்டில் நான் மடித்ததில் உண்மையாகவே ஒரு மனிதனைத் தாங்கி இறங்கியது அது ஒன்றுதான்.

ஆறு வாரம் கழித்து, கட்டுப் போட்ட காலோடு ரவீந்திரன் எங்கள் பிரிவுக்கு வந்தார். உயிர் பிழைத்த விமானி, பாராசூட் மடித்தவனைத் தேடி வந்து நன்றி சொல்வது வழக்கம். ஒரு ரம் பாட்டிலும் வரும்.

"யாருப்பா மடிச்சது?" என்றார். குருப்பு கண்ணால் என்னைக் காட்டினார். ரவீந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. "ஊரு எது?" என்றார். சொன்னேன். "உத்திரமேரூரா? எங்கம்மாகிட்டச் சொல்றேன். இனி அவங்க சாமி கும்பிடுறப்ப அந்தத் திசையையும் சேர்த்துக் கும்பிடுவாங்க" என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து அந்த உலோகக் கைப்பிடியை எடுத்தார். இழுத்த கைப்பிடியை எல்லா விமானிகளும் காற்றில் விட்டுவிடுவார்கள். இவர் மருத்துவமனை வரை கையில் பிடித்தே இருந்திருக்கிறார்.

குருப்பு அதை வாங்கிப் பார்த்தார். "கணக்குப்படி இதுவும் தொலைஞ்சு போச்சு. தொலைஞ்ச சாதனம் திரும்ப வந்தா எனக்கு நாலு பேப்பர் எழுதணும். சார் வெச்சுக்கோங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். குருப்பு சட்டத்தை வளைத்து நான் பார்த்த இரண்டு தடவைகளில் அது முதலாவது.

விசாரணை நடந்தது. இன்ஜினில் தீப்பிடித்தது என்று ரவீந்திரன் சொன்னார். இன்ஜின் நீர்த்தேக்கத்தின் சேற்றுக்குள் போய்விட்டது. எடுக்க முடியவில்லை. தீயை வேறு யாரும் பார்க்கவில்லை. காரணம் உறுதி செய்ய இயலவில்லை என்று கோப்பை மூடினார்கள். யாரும் அவரைக் குற்றவாளி என்று எழுதவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துப் பேச்சைக் கோப்பு கட்டுப்படுத்துமா? "பயந்து குதிச்சவன்" என்ற சொல் எங்கள் பிரிவு வரைக்கும் வந்தது. கால் சரியான பிறகும் அவர் பறக்கவில்லை. மேசை வேலைக்கு மாறி வேறு ஊர் போனார்.

ஐந்து மாதம் கழித்துப் போலீஸ்காரர்கள் பாராசூட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் அது இரண்டு கல்யாணத்துக்குப் பந்தலாக இருந்திருக்கிறது. மஞ்சள் கறை, கரி, முள் கிழித்த கிழிசல். உச்சிக்கு அருகில் சில பட்டைகளில் சிறுசிறு பொசுங்கல் ஓட்டைகள். குருப்பு புறங்கையால் தடவினார். "பீடி" என்றார். "பந்தலுக்கு மேலே ஏறினவன் குடிச்ச பீடி." விசாரணை முடிந்துவிட்டது. துணி கழித்துக் கட்டியாகிவிட்டது. கந்தலாக வெட்டிப் பங்கு வைக்க வேண்டியதுதான். அதற்கு மேல் அதைப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை.

நான் நான்கு பட்டை கேட்டேன். என் நினைவுக்கு என்றேன். எண் முத்திரை பதித்த பட்டையையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தார் குருப்பு. ஓட்டைகளோடு வாசலைத் தாண்டக் கூடாதே என்று நின்றேன். அன்று வேலை மலைபோல் கிடந்தது.

"வீட்டுக்குப் போய்த் தெச்சுப்பியா?"

"தைச்சுடறேன் சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாசலைத் தாண்டினேன். சட்டம் வளைந்த இரண்டாவது தடவை அது. தைக்கவும் இல்லை. கல்யாணம், மாற்றல், மகள், ஓய்வு, அதன் பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கிடங்கில் வேலை. துணி இரும்புப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது. குருப்பு இறந்த செய்தி வந்த அன்று ஒருமுறை எடுத்து ஓட்டைகளை எண்ணினேன். பதினேழு. மறுபடி மடித்து வைத்தேன்.

சென்ற அக்டோபர் இரண்டாம் தேதி ஒரு தொலைபேசி அழைப்பு. சங்கத்தில் எண் வாங்கியதாகச் சொன்னார். ரவீந்திரனின் மகள் சுகந்தி.

"அப்பா போன வருஷம் தவறிட்டார் அங்கிள். உங்களைப் பத்தி நிறையச் சொல்வார். உத்திரமேரூர் நடராஜன் மடிச்ச குடைன்னுதான் சொல்வார்."

அவரே தொடர்ந்து சொன்னார். விமானப்படைப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகம் ஒன்றில், உயிர் தப்பிய விமானிகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்குகிறார்கள். அப்பாவின் கைக்கடிகாரம், கைப்பிடி இரண்டையும் கொடுத்திருக்கிறார். "கடைசி வரைக்கும் இன்ஜின்ல தீன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தார் அங்கிள். அதைப் பக்கத்துல எழுதி வைக்கணும்னு எனக்கு ஆசை. ஆதாரம் இல்லாம எழுத மாட்டாங்களாம். அந்தப் பாராசூட் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாலு பட்டை என்கிட்ட இருக்கும்மா."

மறுமுனையில் அழுதார். பன்னிரண்டு நாளில் அருங்காட்சியகத்து அலுவலரை அழைத்துக்கொண்டு தானே வருவதாகச் சொன்னார்.

ஆதாரம் என்ற சொல் என் காதில் விழுந்தது. என் மனத்தில் விழுந்தது வேறு. பார்வையிட ஆள் வருகிறார்கள். துணியில் பதினேழு ஓட்டை. குருப்புக்குக் கொடுத்த வாக்கு நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் பாக்கி. படையில் பார்வையிட ஆள் வருகிறார் என்றால் என்ன செய்வோம் என்று இதைப் படிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழியோரக் கல்லுக்குக்கூடச் சுண்ணாம்பு அடிப்போம்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். போகிற வழியில் கல்வெட்டுக் கோயில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு எழுத்தைச் சுவரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் நான்கைந்து பேர். நின்று பார்த்துவிட்டு நடந்தேன். அந்தச் சுவரை யாராவது வழுவழுவென்று தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று நினைக்கவில்லை. இப்போது தினமும் நினைக்கிறேன்.

தையல் சாமான் கடை கபூர் பாய் எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். "இன்னா சார், இந்த வயசுல மிஷின் போட்டுக்கினு உக்காரப் போறீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கடையிலிருந்த இரண்டு பேரிடம் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "நம்மூரு சார் தச்சத மெட்ராஸ்காரன் கண்ணாடிப் பொட்டில வச்சிக் காட்டப் போறான். பேஜார் புடிச்ச வேலை, கண்ண பாத்துக்கங்க."

ஒட்டுக்கு அதே ரக நைலான் வேண்டும். அது கடையில் கிடைக்காது. வீட்டில் ஒன்று இருந்தது. வேறொரு கழிவுப் பாராசூட்டில் என் மனைவி சரோஜா தைத்த குட்டிச் சட்டை. மகள் ரேணு முதல் பிறந்தநாளுக்குப் போட்டது. நான் கத்தரிக்கோலை வைத்த பிறகுதான் சரோஜா பார்த்தாள்.

"அய்யோ, அத்தப் போயி ஏங்க கத்திரிக்கினு கீறீங்க? ரேணுவோட மொதப் பொறந்த நாள் சட்டைங்க அது!"

"அதே ரகம் வேணும் சரோஜா. வேற துணி வெச்சா முறையில்ல."

"முறையாம் முறை. ரேணு வந்து கேட்டா முறைன்னு சொல்லுங்க." அன்று அவள் என்னோடு பேசவில்லை.

எட்டு நாள் வேலை. பெரிய கண்ணாடியும் போட்டு, அதன் மேல் பூதக்கண்ணாடியும் பிடித்து, காலை வெளிச்சத்தில் மட்டும் தைத்தேன். ஒவ்வொரு ஓட்டையின் பொசுங்கல் ஓரத்தையும் நல்ல இழை வரும் வரை வட்டமாக வெட்டினேன். ஓரங்களில் ஏதோ கடினமாக இருந்தது. கடுகைவிடச் சின்ன மணிகள், சாம்பல் நிறம், நைலானோடு உருகி ஒட்டியவை. நாலாம் நாள் காப்பி கொண்டுவந்த சரோஜா ஒரு துணுக்கை எடுத்து விரலில் உருட்டினாள்.

"இன்னாங்க இது, கடுகு மாதிரி ஒட்டிக்கினு கீது?"

"மண்ணு. பந்தல் துணியில மண்ணு இருக்காதா?"

"மண்ணு மினுக்குமா?" என்றாள். தையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழு ஒட்டு. லேசான சோப்பில் மூன்று அலசல். வெயில் நைலானுக்கு ஆகாது என்பதால் நிழலில் உலர்த்தல். கடைசியாகப் பதினேழு துணுக்கை எண்ணி, கொல்லையில் காகிதத்தின் மேல் வைத்து எரித்தேன். சாம்பலைத் தென்னை மரத்தடியில் கொட்டினேன். அன்று குருப்பு இருந்திருந்தால் புறங்கையால் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் எங்களுக்குப் பதக்கம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சுகந்திக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. அருங்காட்சியக அலுவலர் அனிதா, முப்பது வயதுப் பெண். பருத்திக் கையுறை, பூதக்கண்ணாடி, துணி வைக்க ஒரு பெரிய அட்டைப் பெட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார். கையுறை போட்டுக்கொண்டு துணியை விரித்தார். முதல் பட்டையைப் பார்த்தவுடன் கை நின்றது.

"சார், இதை எப்போ துவைச்சீங்க?"

"போன வாரம். மூணு அலசல். நிழல்ல காயவெச்சேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சுகந்தி துணியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இதுதானா! அப்பா சொல்வார் அங்கிள், குடை விரிஞ்சு தொங்கிட்டிருந்தப்ப அந்த விமானம் சும்மா போகலையாம். ஆள் இல்லாம ஒரு சுத்து சுத்தி அவர் தலைக்கு மேலயே வந்துச்சாம். இன்ஜின் எரிஞ்சுக்கிட்டு, உருகி உருகிக் கொட்டிச்சாம். குடை மேல பொட்டுப் பொட்டா விழுந்து, கீழ இருந்து பார்த்தா பகல்ல நட்சத்திரம் தெரியற மாதிரி ஓட்டை தெரிஞ்சுதாம். எண்ண முடியல, அவ்வளவுன்னு சொல்வார்." துணியை இப்படியும் அப்படியும் திருப்பினார். "அது வேற பக்கம் போல இருக்கு. இதுல இல்ல."

நான் எண்ணியிருந்தேன். பதினேழு.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனிதா ஒட்டுகளில் ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஒட்டெல்லாம் பழசா சார்?"

"போன வாரம் போட்டது."

"வெட்டின துண்டு இருக்கா?"

"எரிச்சுட்டேன்."

"ஏன் சார்?"

"அதுதான் முறை" என்றேன். அந்த அறையில் அந்தச் சொல் எப்படி ஒலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

சுகந்திக்கு அப்போதுதான் புரிந்தது. சமையலறை வாசலில் நின்ற சரோஜா, "கடுகு மாதிரி மினுக்கினு இருந்துச்சும்மா. நான் கேட்டேன். மண்ணுன்னாரு" என்றாள். என்னைக் காட்டிக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னாள்.

பொருள் போனால் நினைவாவது இருக்கட்டும் என்று அனிதா என் பேச்சைப் பதிவு செய்யக் கருவியை மேசையில் வைத்தார். அதற்கு முன் சுகந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அங்கிள், நீங்க ஓட்டையைக் கண்ணால பார்த்தவர். அது மேலயிருந்து விழுந்த தீதான், அப்பவே தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அப்பாவுக்காக."

ஒரு வார்த்தை. அவர் அப்பா ஆயுள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை. என் கையால் எரித்ததை என் வாயால் ஈடுகட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? எட்டு என்று எண்ணிவிட்டு ஒன்பது என்று சொல்கிறவனை எங்கள் பிரிவில் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டார்கள். இதையும் நினைத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நினைத்தேன்.

கருவி ஓடியது. பார்த்ததைச் சொன்னேன். நான்கு பட்டையில் பதினேழு பொசுங்கல் ஓட்டை. ஓரங்களில் சாம்பல் நிற மணிகள், மினுங்கியதாக என் மனைவி சொன்னாள். பந்தலாகக் கிடந்த துணி. பீடி என்று மேலதிகாரி சொன்னார். பீடி என்றே நானும் சென்ற வாரம் வரை நம்பினேன். வெட்டியவன் நான். எரித்தவன் நான். மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். சுகந்தி பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது சரோஜா கொடுத்த சாத்துக்குடிப் பையை வாங்கிக்கொண்டார். என்னிடம் "வரேன் அங்கிள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தென்னை மரத்தடி மண்ணை ஒரு அடி ஆழம் தோண்டி, உலர்த்தி, சலித்தேன். "அய்யய்யோ, அது மாவு சலிக்கிற சல்லடைங்க" என்று வந்த சரோஜா, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்து சலித்தாள். நடுவில் இரண்டு மழை பெய்திருந்தது. மூன்று சாம்பல் நிற மணிகள் கிடைத்தன. பஞ்சில் சுற்றி அனுப்பினேன். பத்து நாள் கழித்து அனிதா கூப்பிட்டார்.

"அலுமினியம்தான் சார். உருகின அலுமினியம்." என்றார். "ஆனா இப்ப இது உங்க கொல்லை மண்ணுல கிடைச்ச அலுமினியம். துணியோட ஒட்டிக்கிட்டு இருந்திருந்தா, நான் எழுதியிருப்பேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குருப்பும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

துணியைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அனிதா படம் அனுப்பினார். கண்ணாடிக்குள் கைக்கடிகாரம், கைப்பிடி, என் நான்கு பட்டை. பக்கத்தில் விமானியின் பெயர். 'பாராசூட் துணியின் பகுதி. பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். தீ பற்றி எதுவும் இல்லை. சுகந்திக்கு மூன்று முறை தொலைபேசி செய்தேன். இரண்டு முறை எடுத்தார். நன்றாகத்தான் பேசினார். அப்பாவைப் பற்றி எதுவும் பேசவில்லை.

ஆகவே உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள். உங்கள் பெட்டியில் சட்டையோ, தொப்பியோ, துருப்பிடித்த கருவியோ இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். கறை இருக்கட்டும். கிழிசல் இருக்கட்டும். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் முக்கியமாகத் தொடாதீர்கள்.

செலவுக் கணக்கு எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. நைலான் நூல் இரண்டு உருண்டை தொண்ணூறு ரூபாய். ஊசி இருபது. சோப்பு முப்பத்தெட்டு. துணுக்குகளை எரிக்கத் தீப்பெட்டி இரண்டு ரூபாய். மொத்தம் நூற்றைம்பது. நாட்டுக்காகச் செய்கிற வேலை என்று கபூர் பாய் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். ஆக, நூற்று நாற்பது ரூபாய்.